பேங்கர் என்ஜினில் கரி தள்ளியவர்களின் பிள்ளைகளுக்கு

செங்கோட்டை ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்து, இன்றைக்குச் சென்னை, கோவை, மும்பை, துபாய் என்று திசைக்கொருவராக இருக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் என் வயதுக் கூட்டாளிகளுக்கும்,

வருகிற சாரல் காலத்தில் எல்லாரும் ஊரில் கூடுவது என்று முடிவானதிலும், அதையொட்டி ஒரு நினைவு மலர் போட நீங்கள் கிளம்பியிருப்பதிலும் எனக்குப் பெரிய சந்தோஷம். தமிழ் டீச்சராக இருந்தவள் என்பதால் பிழைதிருத்தும் வேலையை என்னிடம் தந்தீர்கள். வந்த கட்டுரைகளை ஆற அமரப் படித்தேன். படித்து முடித்ததும் திருத்தத்தை ஒதுக்கி வைத்துவிட்டு இந்த மடலை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட, எல்லாருக்கும் பொதுவில் சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது.

எல்லார் கட்டுரையிலும் என்ஜின் இருக்கிறது. அதன் கூவல் இருக்கிறது, புகை இருக்கிறது, ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் சாரல் காற்று இருக்கிறது. கழுதுருட்டியில் பதிமூணு கண் பாலத்தின் மேல் வண்டி வளைந்து போகும்போது ஜன்னலில் தலையை நீட்டி அடி வாங்கியது இருக்கிறது. எல்லாம் அழகாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த என்ஜினுக்குள் நின்ற ஆள் எந்தப் பக்கத்திலும் இல்லை. தண்டவாளத்தைப் பராமரித்த கேங்மேன் இல்லை, வண்டிக்குப் பாதை மாற்றிவிட்ட பாயிண்ட்ஸ்மேன் இல்லை, தண்டவாளத்தைக் கழுவியவர்கள் இல்லவே இல்லை. நம் அப்பாக்களும் அம்மாக்களும் இல்லாமல் நம் ஊரின் கதையை அச்சடித்துவிடப் போகிறோமே என்ற பதைப்பில்தான் இதை எழுதுகிறேன்.

1904-ல் புனலூரிலிருந்து மலையைக் குடைந்து நம் ஊர் வரை 49 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை வந்தது. அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். இதெல்லாம் மலரின் முதல் கட்டுரையில் விவரமாக இருக்கிறது, அதில் நான் கைவைக்கவில்லை. வாஞ்சிநாதனைப் பற்றி எழுதியதும் நன்றாக வந்திருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளை, புனலூரில் வனத்துறை வேலையில் இருந்தவர், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் ரயில் பெட்டிக்குள் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தானும் உயிரை விட்டவர். அவருக்கு ஊரில் மணிமண்டபம் இருக்கிறது, சந்திப்பின் பெயரும் வாஞ்சி மணியாச்சி ஆகிவிட்டது. அவரை ஊர் மறக்காது. நான் கேட்பது, நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை என்று ஆகிவிட்டவர்களுக்காக.

என் அப்பாவிலிருந்து தொடங்குகிறேன். அவர் பேங்கர் என்ஜினில் அடுப்புக்குக் கரி தள்ளும் ஃபயர்மேன். நம் பேரப் பிள்ளைகளும் படிக்கப் போகிற மலர் என்பதால் விளக்கிவிடுகிறேன். செங்கோட்டையிலிருந்து மேற்கே போகும் வண்டியை ஒரே என்ஜின் இழுத்துக்கொண்டு மலையேற முடியாது. முன்னால் ஒன்று இழுக்கும், பின்னால் ஒன்று தள்ளும். பின்னால் தள்ளுவதுதான் பேங்கர். பகவதிபுரம் தாண்டியதும் பெரிய குகை வரும். பெட்டியில் உட்கார்ந்திருந்த நாம், "குகை வருது, குகை வருது" என்று கத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்துவோம். அந்த நேரத்தில் கடைசியில் இருந்த என்ஜினில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. முன் என்ஜின் கக்கிய புகையெல்லாம் வெளியேற வழியில்லாமல் குகைக்குள்ளேயே நிற்கும். பேங்கர் அதற்குள்தான் நுழைய வேண்டும். நுழைந்ததும் தன் புகையும் கூரையில் மோதித் திரும்பி ஆட்கள் மேலேயே இறங்கும்.

அப்பா சொன்னதை அப்படியே சொல்கிறேன். "குகை வாய்க்கு முன்னாடியே தீயைச் சரி பண்ணிப்புடணும்மா. உள்ள போய்க் கரி போட்டா தொலஞ்சோம். துண்டை டெண்டர் தண்ணியில முக்கி மூக்கையும் வாயையும் சேத்துக் கட்டிக்கிட்டு, தரையோட தரையா குந்திருவோம். கீழதான் கொஞ்சம் மூச்சு இருக்கும். வெளிச்சம் தெரியிறவரை ஒருத்தனை ஒருத்தன் தொட்டுக்கிட்டே இருப்போம், எவனும் மயங்கிறக்கூடாதுன்னு."

தொட்டுக்கொண்டே இருந்தார்கள் என்பதை அவர் ரிட்டையரான பிறகுதான் சொன்னார். வேலையில் இருந்த காலத்தில் வீட்டில் மூச்சு விட்டதில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வெளியில் தெரிந்தவைதான். அவருடைய முன்கையில் முடியே கிடையாது. அடுப்பு வாய்ச் சூட்டில் பொசுங்கிப் பொசுங்கி முளைப்பதையே நிறுத்திவிட்டது. டூட்டி முடிந்து வந்து வாய் கொப்பளித்தால் தண்ணீர் கறுப்பாக விழும். அம்மா அவருடைய காக்கிச் சட்டையை வேறு துணியோடு சேர்த்து ஊறவைக்கவே மாட்டாள். நம் காலனியில் எந்த வீட்டுக் கொடியிலும் ஃபயர்மேன் சட்டை தனியாகத்தான் தொங்கும், ஞாபகம் இருக்கிறதா? கழுத்துப் பக்கம் சின்னச் சின்னத் தீப்பொறி ஓட்டைகளோடு?

பாதிக்கு மேற்பட்ட கட்டுரைகளில் "நீராவி என்ஜின் போன துக்கம்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தத் துக்கம் கொஞ்சமும் இல்லை. அப்பா டீசல் அசிஸ்டென்ட் ஆகி முதல் டூட்டி முடித்து வந்த அன்று, அம்மா அவர் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து மோந்து பார்த்தாள். எண்ணெய் வாடைதான் இருந்தது. அதை மற்றத் துணிகளோடு சேர்த்து வாளியில் போட்டாள். எனக்கு டீசல் என்றால் அதுதான். குகைப் புகையில் மூச்சு முட்டாமல் மனுசர்கள் வேலை செய்ய வழி பிறந்ததே என்று நாம் சந்தோஷப்பட வேண்டாமா? கூவல் சத்தம் போனதற்கு அழுகிறவர்கள் ஒருமுறை தங்கள் அப்பாவின் நெஞ்சு இரைந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கால்பாய் தாத்தாவை எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? ராத்திரி இரண்டு மணி, மூன்று மணிக்குக் கையில் அரிக்கேன் விளக்கும் கக்கத்தில் கால்புக்குமாக வருவார். டிரைவர், ஃபயர்மேன், கார்டு வீடுகளைத் தட்டி எழுப்பி, இன்ன வண்டிக்கு டூட்டி என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். அடுத்த வீட்டுப் பிள்ளை முழித்துவிடக் கூடாதென்று கதவை விரல் கணுவால்தான் தட்டுவார். யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் பிரசவம் என்பதெல்லாம் ஊரில் அவருக்குத்தான் முதலில் தெரியும். "கொளந்தைக்கு எப்பிடி இருக்கு மைனி?" என்று அந்த நேரத்திலும் கேட்டுவிட்டுத்தான் போவார். மழையில் கால்புக் நனையாமல் இருக்கச் சட்டைக்குள் வைத்து, தான் நனைந்துகொண்டு வருவார். அவருக்கு மலரில் ஒரு வரி இல்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் இருந்த டோக்கன் மிஷினைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார், ஆனால் "சிவப்பு மிஷின், மணி அடிக்கும்" என்பதோடு நிறுத்திவிட்டார். அதைக் கொஞ்சம் நீட்டி எழுதலாம். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்துவிடாமல் காத்தது அந்த மிஷின்தான். இந்த ஸ்டேஷனிலும் அடுத்த ஸ்டேஷனிலும் ஒவ்வொன்று இருக்கும். இரண்டும் கம்பி வழியாகப் பிணைந்திருக்கும். அடுத்த ஸ்டேஷன்காரர் சம்மதித்தால்தான் இங்கே டோக்கனான பந்து வெளியே வரும். ஒரு பந்து வெளியே வந்துவிட்டால், அது ஏதாவது ஒரு மிஷினுக்குள் திரும்பப் போகிறவரை அடுத்த பந்து வராது. கையில் பந்து இல்லாத டிரைவர் வண்டியை நகர்த்தக் கூடாது. பந்தைத் தோல் பைக்குள் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, பாயிண்ட்ஸ்மேன் பிளாட்பாரத்து ஓரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். நிற்காமல் போகும் வண்டியென்றால் ஃபயர்மேன் கையை நீட்டி வளையத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு, பழைய வளையத்தைக் கீழே விடுவார். தப்பினால் தோள்பட்டை போய்விடும். அப்படி வாங்கி வாங்கிக் கன்றிப்போன தோள்கள் நம் காலனியில் எத்தனை! அந்தப் பந்தை ஒருமுறை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்காது, நல்ல கனம். வண்டி நிறைய ஜனத்தின் உயிர் அதில் இருக்கிறது என்று அப்பா சொன்னதும் பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கேங்மேன்கள் காலனிக்குள் அதிகம் இருந்ததில்லை என்பதால் நமக்குப் பழக்கம் குறைவு. பலர் மலைப் பக்கம் லைனோரத்துக் குடிசைகளில் இருந்தார்கள். அடைமழைக் காலத்தில் ராத்திரி ரோந்து அவர்கள் பொறுப்பு. ஒருவர் இந்தப் பக்கத்திலிருந்தும் இன்னொருவர் அந்தப் பக்கத்திலிருந்தும் விளக்கோடு தண்டவாளத்தில் நடந்து வர வேண்டும். நடுவில் சந்தித்து ரோந்துப் புத்தகத்தை மாற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்ப வேண்டும். வழியில் மண் சரிந்திருந்தால், பாறை விழுந்திருந்தால், சிவப்பு விளக்கை ஆட்டிக்கொண்டு வண்டி வரும் திசையில் ஓடி, தண்டவாளத்தில் வெடியைக் கட்டிவைக்க வேண்டும். சக்கரம் ஏறி வெடி சத்தம் கேட்டால் டிரைவர் நிறுத்திவிடுவார். நாம் கொல்லம் மெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கியபோது, பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவே அட்டைக்கடி வாங்கிக்கொண்டு ஒருவர் நடந்துகொண்டிருந்தார். நாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததற்கு அவர்தான் காரணம். இதை மலரில் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பது என் ஆசை.

அரிசிக்காரப் பெண்களைப் பற்றி எழுதினால் ஊருக்குக் கெட்ட பேர் என்று ஒருவர் தயங்கியிருக்கிறார். தயங்க வேண்டாம். ஒரு மாநிலத்து அரிசியை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று தடை இருந்த காலம் அது. மலைக்கு அந்தப் பக்கம் அரிசிக்குத் தவிப்பு, இந்தப் பக்கம் வேலைக்குத் தவிப்பு. தாலி கட்டியவன் விட்டுப்போன பெண்கள், நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வழியில்லாதவர்கள், இரண்டு படி மூன்று படி அரிசியைத் துணிப்பையில் இட்டு இடுப்பிலும் மடியிலும் கட்டிக்கொண்டு வண்டியேறுவார்கள். பிள்ளைத்தாய்ச்சியா அரிசிக்காரியா என்று கண்டுபிடிக்க முடியாது. சோதனைக்கு ஆள் ஏறினால் பெட்டி முழுக்கச் சத்தம் அடங்கிவிடும். பிடிபட்டால் அரிசியும் போச்சு, அன்றையப் பாடும் போச்சு. அவர்கள் யாரையும் ஏய்த்துப் பிழைக்கவில்லை, வயிற்றுப்பாட்டுக்கு மலையேறினார்கள்.

இந்தப் பெண்களோடு சேர்த்துத்தான் 1974-ஐயும் சொல்ல வேண்டும். மே 8 முதல் 27 வரை நாடு முழுக்கப் பதினேழு லட்சம் ரயில்வேக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எட்டு மணி நேர வேலை, போனஸ், மற்றப் பொதுத்துறை ஆட்களுக்குச் சமமான சம்பளம் என்பவை கோரிக்கைகள். பதினாலு மணி நேரம், அதற்கு மேலும் என்ஜினில் நின்றுவிட்டு வந்தவர்களுக்கு எட்டு மணி நேரம் என்றால் என்னவென்று வெளியாட்களுக்குப் புரியாது. கைதுக்குப் பயந்து ஆண்கள் தோப்புகளிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் மறைந்திருந்தார்கள். காலனியில் பெண்களும் பிள்ளைகளும்தான். சம்பளம் இல்லை, கடைக்காரர் கடனுக்குக் கைவிரித்துவிட்டார். அப்போது ஒருநாள் விடியுமுன் எங்கள் வீட்டுப் பின்பக்கக் கதவு தட்டப்பட்டது. அரிசிக்கார ஆச்சி ஒருத்தி. மடியை அவிழ்த்து முறத்தில் கொட்டினாள். "ஒம் மாப்பிள்ளை எத்தனையோ நாளு எங்களைப் பாத்தும் பாக்காத மாதிரி போயிருக்காருளா. பிள்ளைகளுக்குப் பொங்கிப்போடு" என்றாள் அம்மாவிடம். காசு பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் மட்டுமில்லை, வரிசையில் பல வீடுகளில் அந்த மாதம் உலை கொதித்தது அவர்கள் அரிசியில்தான். வேலை இழந்த எத்தனையோ பேருக்கு 1977-ல் ஆட்சி மாறிய பிறகுதான் வேலை திரும்பியது. அதுவரை தையல் மிஷின் மிதித்தும் முறுக்குச் சுட்டும் குடும்பம் நடத்திய அம்மாக்கள் இருக்கிறார்கள். இந்த மடலைப் படிப்பவர்களில் சிலருடைய அம்மாக்களும் அதில் உண்டு. அவர்களுக்குத் தெரியும் நான் யாரைச் சொல்கிறேன் என்று.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். காலனி எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. அதிகாரிக்குத் தோட்டம் வைத்த பங்களா, கிளார்க்குகளுக்கு ஒரு வரிசை, டிரைவர்களுக்கு ஒரு வரிசை, நமக்கு ஒற்றை அறை. எல்லாவற்றுக்கும் கடைசியில், தண்ணீர்க் குழாய் எட்டாத தூரத்தில், துப்புரவு வேலை பார்த்தவர்களின் வீடுகள். ஓடுகிற வண்டியின் கக்கூஸ் நேராகத் தண்டவாளத்தில் விழுந்த காலம்; வண்டி கிளம்பியதும் வாளியும் விளக்குமாறுமாக இறங்கியவர்கள் அவர்கள்தான். அந்தப் பிள்ளைகள் நம்மோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தார்கள், ஒரே மைதானத்தில் கபடி ஆடினார்கள். ஆனால் நம் வீட்டுத் திண்ணைக்கு மேல் வந்ததில்லை. "ஜாதி மதம் பார்க்காத காலனி" என்று மூன்று கட்டுரைகளில் வருகிறது. அந்த வரியை நான் அடித்துவிட்டேன்; எழுதியவர்கள் மன்னிக்க வேண்டும் என்று கேட்கமாட்டேன். அந்த வரிசை வீட்டிலிருந்து படித்து இன்றைக்கு நர்ஸாக, வக்கீலாக இருப்பவர்கள் உண்டு. இந்தக் கூட்டத்துக்கு அவர்களில் ஒருவருக்குக்கூட அழைப்பு போகவில்லை என்று அறிந்தேன். முதலில் அது போகட்டும். அவர்கள் எழுதுவதை ஒரு எழுத்துக்கூட வெட்டாமல் போட வேண்டும்.

2010 செப்டம்பரில் மலை லைனில் மீட்டர்கேஜ் வண்டி நின்றது. குகைகளை அகலப்படுத்தி, பதிமூணு கண் பாலத்தை இடிக்காமல் பலப்படுத்தி, 2018-ல் அகலப்பாதையில் வண்டி விட்டார்கள். பாலத்துக்கும் குகைக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவை இன்னும் நூறு வருஷம் நிற்கும். வேலை தெரிந்த ஆட்கள்தான் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். போன மழைக்காலத்தில் மட்டும் நம் பெரியவர்கள் சிலர் போய்விட்டார்கள். அவர்களோடு பேங்கர் வேலை எப்படி நடந்தது என்ற விவரமும் போய்விட்டது.

ஆகவே மலரை அச்சுக்குக் கொடுப்பதை நிறுத்தி வையுங்கள். கூடுவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்பாவோ அம்மாவோ பெரியப்பாவோ இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். என்ன பதவியில் சேர்ந்தார், சம்பளம் எவ்வளவு, யார் வேலை கற்றுக்கொடுத்தது, எங்கே அடிபட்டது, அடிபட்ட அன்று யார் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்று கேளுங்கள். வெளியூரில் தங்கிய ரன்னிங் ரூமில் என்ன சமைத்தார்கள், டூட்டிக்குக் கொண்டுபோன லைன் பாக்ஸில் என்னென்ன இருக்கும் என்று கேளுங்கள். அம்மாக்களிடம், 1974 மே மாதம் அடுப்பு எப்படி எரிந்தது என்று கேளுங்கள். சொல்கிறபடியே எழுதுங்கள், இலக்கணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். பித்தளைப் பில்லை, பழைய சர்வீஸ் புத்தகம், விசில், கைவிளக்கு எது இருந்தாலும் பத்திரப்படுத்திப் படம் எடுத்து அனுப்புங்கள். பழைய இரும்புக்காரனிடம் போடாதீர்கள்.

வீட்டில் பெரியவர்கள் இல்லாதவர்கள் ஊரில் மிச்சமிருப்பவர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். பகவதிபுரம் பக்கம் ரோந்து போன கேங்மேனின் மனைவி இன்னும் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், காலையில் போனால் தெளிவாகப் பேசுவார். அவரிடம் நான் போகிறேன். கால்பாய் தாத்தாவின் மகள் தென்காசியில் இருக்கிறார் என்று கேள்வி. தென்காசியில் இருப்பவர்களில் யாராவது அவரைத் தேடிப் போய்விட்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள்.

அன்புடன்,
பேங்கர் ஃபயர்மேன் மகள்
செங்கோட்டை